இடது பக்கம் நின்ற யானை

ஓவேலி எஸ்டேட்டில் வெறுமனே பிரிஸில்லா என்றால் யோசிப்பார்கள். யானைக்கு அசையாத பிரிஸில்லா என்றால் உடனே வீட்டைக் காட்டிவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, இடது பக்கம் ஓர் ஒற்றை யானை வந்து நின்றது. கூட இருந்தவர்கள் வாயடைத்துப்போய்க் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். இவள் பாட்டுக்குப் பறித்துக்கொண்டிருந்தாள். யானையும் போனால் போகிறதென்று காட்டுக்குத் திரும்பிவிட்டது.

அவளுக்கு இடது கண் மாறுகண். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லித்தான் ரிஜோ வீட்டில் பெண் எடுத்தார்கள். கல்யாணமான கையோடு அவனுக்கு ஃபேக்டரியில் வேலை நிரந்தரமானது. யானையும் சேர்ந்துகொண்டதும் அந்தக் கண்ணின் புகழுக்குக் கேட்கவா வேண்டும்.

இப்போது மகள் ஜெனிஸுக்கு எட்டு மாதம். அவளுடைய இடது கண்ணும் மூக்கைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தடுப்பூசி போட்ட நர்ஸ், பிறந்த புதிதில் கண் அப்படி இப்படி அலையும், இத்தனை மாதமாகியும் ஒரே பக்கம் நிற்கக் கூடாது, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றாள். தள்ளிப்போட்டால் அந்தக் கண் பார்க்கவே பழகாமல் போய்விடும் என்றும் சொன்னாள். ரிஜோ சிரித்தான். வீடு தேடி வந்த அதிர்ஷ்டத்தை யாராவது ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருவார்களா என்றான்.

பிரிஸில்லாவுக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தையின் இடது கண்ணைப் பொத்தினாள். அது கிலுகிலுப்பையைப் பார்த்துச் சிரித்தது. வலது கண்ணைப் பொத்தினாள். அவள் கையைத் தள்ளிவிட்டு வீரிட்டது. மறுபடி பொத்திப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. வாயைத் திறந்தால், குறையை மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்ற பேச்சு வரும். திறக்காவிட்டால் போவது பிள்ளையின் கண்.

சாயங்காலம் ரிஜோ டீ குடித்துக்கொண்டிருக்கையில் சொன்னாள்.

“ஏனுங்க, அன்னைக்கு ஆனை நின்னது எனக்குத் தெரியலீங்க.”

பின்னாலேயா நின்றது என்று கேட்டான் அவன்.

“பக்கத்துலதான் நின்னுச்சு. இந்தக் கண்ணு எனக்குச் சின்னதுலருந்தே தெரியாதுங்க.”

ரிஜோ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். எங்கே போனான் என்று அவளுக்குத் தெரியவில்லை. இடது கன்னத்தில் லேசாகக் காற்றுப் பட்ட பிறகுதான், பக்கத்தில் நின்று கையை ஆட்டிப் பார்க்கிறான் என்று புரிந்தது. கோபமா, வருத்தமா என்று அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். கண்ணாடி போடுவார்களா, நல்ல கண்ணை மூடிப் பழக்குவார்களா, ஆபரேஷன் என்பார்களா, நேரம் கடந்துவிட்டது என்றுவிட்டால் என்ன செய்வது என்று வழியெல்லாம் அவள் யோசித்துக்கொண்டே வந்தாள். எப்போதும் முன்னால் விறுவிறுவென்று போகிற ரிஜோ, அன்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் அவளுக்கு இடது பக்கமாகவே நடந்தான்.