மாமியார் தீட்டிய மை

என் மாமியார் பொய்யே சொல்லாதவர். அவரே சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

நிலக்கரிக் குழியில் இறங்குகிறவன் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் இமையோரத்தில் கரி தங்கிவிடும். எங்கள் தெருவில் ஆம்பிளைகள் எல்லாரும் மை தீட்டிய மணப்பெண்கள்தான். அந்தக் கரியைச் சுத்தமாக எடுக்கத் தெரிந்தவர் என் மாமியார் ஒருவரே. மகனை முக்காலியில் உட்காரவைத்து, அவன் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்து, பஞ்சைத் திரித்து எண்ணெயில் தொட்டு மெல்லத் துடைப்பார்.

போர் வந்தது. நாட்டுக்குக் கரி வேண்டும், குழி ஆட்களைப் பட்டாளத்தில் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு. அத்தை நிம்மதியாக இருந்தார். ஒரு நாள் மூத்த மகனும் நடுமகனும் வந்து, "போட்டோ எடுத்துக்கப் போறோம்மா, கண்ணை நல்லா துடைச்சு விடு" என்றார்கள். அத்தையும் மெனக்கெட்டுத் துடைத்துவிட்டார். ஆள் எடுக்கும் முகாமில் மூத்தவர் தையல்காரன் என்றாராம், நடுவுள்ளவர் பால்காரன் என்றாராம். பொத்தான் தைக்கத் தெரியாதவர் தையல்காரர். மாட்டைக் கண்டால் தெருவையே சுற்றிப் போகிறவர் பால்காரர். சாயங்காலம் இரண்டு பேரும் பூட்ஸோடு வந்து நின்றார்கள்.

"நானே துடைச்சு அனுப்பியிருக்கேன்" என்று மட்டும் அத்தை சொன்னார்.

மூன்றாவது மகன் என் கணவர். கல்யாணமாகி எட்டே மாதம். அவரும் ஒரு காலையில் முக்காலியை இழுத்துப் போட்டு, "போட்டோ எடுக்கணும்மா" என்றார். மனுஷன் பொய்யாவது புதிதாகச் சொல்லக் கூடாதா?

"அதுக்கென்ன ராசா, உக்காரு" என்று அத்தை தேனாகப் பேசினார். உள்ளே வந்து, வெந்நீர்ச் சட்டியின் அடிக்கரியை விரலால் வழித்து எண்ணெயில் குழைத்தார்.

"என்னத்தை இது?"

"உனக்குப் புருஷன் வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

"அப்ப வாயை மூடிட்டுக் கண்ணாடியை ஒளிச்சு வை."

"குழி மட்டும் என்ன வாழுதாம்? மாமாவே அங்கதானே..." என்று இழுத்தேன். மாமனார் குழி சரிந்து இறந்தவர்.

"குழின்னா ஆளையாவது தூக்கிட்டு வருவாங்க. அங்க போனா தபால்தான் வரும்."

கண்ணாடியைத் துணிப்பெட்டிக்குள் ஒளித்தேன்.

முகாமில் அதிகாரி, "என்ன தொழில்?" என்றாராம்.

"முடி வெட்டுறேன் சார்."

"மை தீட்டிக்கிட்டா?"

வரிசையே சிரித்ததாம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தவரிடம், "போட்டோக்காரன் கடை பூட்டியிருந்துச்சாப்பா?" என்று அத்தை கரிசனமாக விசாரித்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அடுத்த வாரம் மறுபடி போவேன் என்று அவர் முறுக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் நடுவுள்ளவர் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. ஆள் வரவில்லை. அத்தை பல நாள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. பஞ்சுப் பொட்டலம் பரணுக்குப் போனது. யாருக்கும் அவர் கண் துடைக்கவில்லை. என் கணவரும் முகாம் பக்கம் போகவில்லை.

போர் முடிந்து மூத்தவர் ஒரு காலைத் தாங்கித் தாங்கி வந்து சேர்ந்தார். இருக்கிறவர்கள் ஒன்றாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது என்று முடிவானது. கிளம்புகிற நேரத்தில் என் கணவர் பரணிலிருந்து பஞ்சை எடுத்து வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"இது நிஜப் போட்டோம்மா. இன்னைக்காவது நல்ல எண்ணெயா வை."

அத்தை என்னை முறைத்தார். சத்தியமாக நான் மூச்சு விடவில்லை.

"உனக்குத் தெரியுமாடா?"

"திரும்பி வர்ற வழியிலயே தெரிஞ்சுது. சட்டிக்கரி வாசனை எனக்குத் தெரியாதா?"

"ஏன்டா கேக்கல?"

"கேட்டா, நடு அண்ணனைத் துடைச்சு அனுப்பினதையும் நினைச்சு அழுவே."

அத்தை அவர் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார். பிறகு அந்தத் தலையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே இடது கண்ணைச் சுத்தமாகத் துடைத்தார். துடைத்து முடித்ததும் பஞ்சை மடித்து வைத்துவிட்டார்.

"இன்னொரு கண்ணும்மா?"

"அது இருக்கட்டும். எவனாவது மறுபடியும் சண்டையை ஆரம்பிச்சா?"