அஜிதாவின் நூற்றிருபது எஞ்சின்கள்

மதியம் இரண்டரை மணிக்கு அஜிதா செல்போனை மரச்சீனி மாவு டப்பாவின் மேல் சாய்த்து வைக்கிறாள். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு டச்சுப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, "ஹூயமோர்ஹன், ஓப்பா!" என்று உரக்கச் சொல்கிறாள். காலை வணக்கம், தாத்தா என்று பொருள். குளச்சலில் வெயில் காயும்போது நெதர்லாந்தில் காலை பத்து மணி. பக்கத்து வீட்டு விக்டோரியா இதை முதன்முதல் கேட்ட அன்று மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "என்ன மக்கா, தொண்டையில முள்ளு கெடக்கா? ஒரு உருண்டை வெறுஞ்சோறு கொண்டாரட்டா?" என்றாள்.

செல்போனின் அந்தப் பக்கத்தில் இருப்பவர் பெயர் கேர்ரித். வயது தொண்ணூற்றிரண்டு. உத்ரெக்ட் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் அஜிதா ஏழு வருடம் நர்ஸாக இருந்தாள். அவருடைய அறை அவள் பொறுப்பில் இருந்தது. கேர்ரித்தின் அப்பா நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். அந்த எஞ்சின் வகையின் வரலாறுதான் அறையில் இருந்த ஒரே புத்தகம். வந்த முதல் வாரமே அதை அவளிடம் நீட்டி, "வாசி" என்றுவிட்டார்.

தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறியிருந்த அவளுடைய டச்சு, அதை வாசித்துத்தான் நிமிர்ந்தது. ஆகவே கொதிகலன், புகைப்பெட்டி, உந்துதண்டு எல்லாவற்றுக்கும் அவளுக்கு டச்சு தெரியும். சந்தையில் கத்தரிக்காயை மட்டும் கடைசிவரைக்கும் விரலால் சுட்டிக் காட்டித்தான் வாங்கினாள். அங்கே 'ஜ' என்ற எழுத்தை 'ய' என்பார்கள். அதனால் கேர்ரித்துக்கு அவள் அயிதா.

மகள் ஷிபா பிளஸ் டூவுக்கு வந்ததும் அஜிதா ஊருக்குத் திரும்பினாள். விடைகொடுக்கும்போது கிழவர் புத்தகத்தை அவள் மடியில் வைத்துவிட்டார். விமான நிலையத்தில் பெட்டி எடை கூடியது. அவள் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சாக்லேட்டை எடுத்து வெளியே வைத்தாள். கணவன் ஞானதாசன், துறைமுகத்து ஐஸ் பிளாண்டில் மேஸ்திரி, இன்றுவரை அதை மறக்கவில்லை. "ஊரெல்லாம் முட்டாயி கொண்டு வருகு. எனக்க பெண்டாட்டி ரயிலு கொண்டு வந்தா."

ஆனால் கதை அவனையும் பிடித்துக்கொண்டது. மதியச் சோறு முடிந்து கை கழுவாமல் கேட்டுக்கொண்டிருப்பான். 1910இல் முதல் எஞ்சின்கள் மான்செஸ்டரில் செய்யப்பட்டுக் கடல்தாண்டி வந்ததை அவள் தமிழில் சொல்லுவாள். பிறகு ஆம்ஸ்டர்டாமிலும் ஜெர்மனியிலும் செய்தார்கள்; 1928க்குள் மொத்தம் நூற்றிருபது. நான்கு உருளைகள், ஆறு பெரிய சக்கரங்கள், எக்ஸ்பிரஸ் வண்டிக்கென்றே பிறந்தவை. பெருத்த உடம்பைப் பார்த்து ஊழியர்கள் 'ஜம்போ' என்று கூப்பிட்டார்கள். 1936இல் காற்றைக் கிழிப்பதற்காகச் சிலவற்றுக்குத் தகடு போர்த்தினார்கள். அதற்குத் திமிங்கிலம் என்று பெயர் விழுந்தது.

"ஆனையையும் திமிங்கிலத்தையும் விட்டா அவனுவளுக்கு வேற பேரு இல்லியா?" என்பான் ஞானதாசன். சண்டைக்காலத்தில் ஜெர்மன்காரர்கள் பல எஞ்சின்களை ஓட்டிக்கொண்டு போன பக்கத்தில் மட்டும் அவன் சிரிக்கமாட்டான்.

போன கார்த்திகையில் கேர்ரித்தின் மகள் மரைக்கேயிடமிருந்து செய்தி வந்தது. அப்பாவுக்கு நெஞ்சில் சளிகட்டிக் காய்ச்சல். காய்ச்சல் இறங்கியும் மூன்று வாரமாக ஒரு வார்த்தை பேசவில்லை. என்னையே அவருக்குத் தெரியவில்லை. நீ இனி கூப்பிட்டு வாசித்துச் சிரமப்பட வேண்டாம், நன்றி.

அஜிதா செய்தியை இரண்டு தடவை படித்தாள். அன்று மீன்குழம்பில் உப்பு இல்லை. ஞானதாசன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்: "ஏட்டி, பெத்த மவளையே அறியல்லேண்ணா ஒன்ன எப்பிடி அறிவாரு? ஓர்மை போச்சுண்ணா போச்சு."

"என்ன அறியாண்டாம். எஞ்சினுக்க நம்பர அறிஞ்சா போதும்" என்றாள் அவள். மரைக்கேயிடம் ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கினாள்.

முதல் நாள் அரைமணி நேரம் வாசித்தாள். கேர்ரித் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாளும் சுவரைத்தான் பார்த்தார். கன்னம் ஒட்டி, சவரம் செய்யாமல், யாரோ போல இருந்தார். மூன்றாம் நாள், ஊரில் அவள் வேலை பார்க்கும் கிளினிக்கில் கூட்டம். களைப்பில் அஜிதாவின் நாக்கு புரண்டது. 1928 என்பதை 1918 என்று வாசித்துவிட்டாள். கிழவரின் புருவத்துக்கு நடுவே ஒரு சுருக்கம் விழுந்து மறைந்தது. அங்கே செல்போனைப் பிடித்திருந்த மரைக்கே அதைக் கவனிக்கவில்லை. இருபது வருடம் படுக்கையோரம் நின்ற நர்ஸ் கவனித்துவிட்டாள்.

அவள் புத்தகத்தை மூடினாள். மனப்பாடமான கதையை வேண்டுமென்றே தப்புத்தப்பாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"மொத்தம் செய்தது நூற்றுப் பத்தொன்பது எஞ்சின்."

உதடு அசைந்தது.

"உருளை மூன்று."

போர்வைக்கு மேல் ஒரு விரல் எழும்பியது. அஜிதா குரலை ஆடவிடாமல் கதையின் கடைசிக்கு வந்தாள். 1958 ஜனவரி ஏழாம் தேதி. நாட்டின் கடைசி நீராவி ரயில் உத்ரெக்ட் நிலையத்துக்கு வந்து நின்ற நாள். இருபத்தைந்து வயதுக் கேர்ரித் அப்பாவோடு குளிரில் நின்று அதைப் பார்த்திருக்கிறார். அந்த எஞ்சின் இன்றும் அதே ஊர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

"அந்த வண்டியை இழுத்தது," என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள், "முப்பத்தேழு முப்பத்தாறாம் நம்பர் எஞ்சின்."

"செவெனென்டெர்திஹ்!" என்று ஒரு கரகரத்த சத்தம் மேசையை உலுக்கியது. "முப்பத்தேழு முப்பத்தேழு! முப்பத்தேழு முப்பத்தேழு! அயிதா, ஒழுங்காக வாசி!"

அந்தப் பக்கம் மரைக்கே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்தப் பக்கம் ஞானதாசன் எச்சில் கையோடு எழுந்து நின்றான். "ஏட்டி, என்ன சொல்லுகாரு? வையுதாரா?"

"நல்லா வையுதாரு" என்றாள் அஜிதா. கண்ணீர் மூக்குநுனிவரை வந்து நிற்க, வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் போல செல்போனுக்கு முன்னால் தலையைக் குனிந்து, வலது காதைப் பிடித்துக்கொண்டாள்.