இரண்டாவது முகட்டுக்குக் கீழே

எங்கள் தோட்டத்துக்கு மூன்று பக்கமும் மலை. கிழக்கே மட்டும்தான் திறப்பு. நொய்யல் ஆறு அந்த வழியாகக் கோயம்புத்தூருக்குப் போகிறது. மழையை மட்டும் எங்களிடமே விட்டுவிட்டுப் போகும். நகரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் இங்கே வரப்பு வழுக்கும். நடுவில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. இதை நகரத்துக்காரர்களுக்குப் புரிய வைக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

மேற்கே முதல் முகட்டில் மேகம் உட்கார்ந்திருந்தால் பயமில்லை. இரண்டாவது முகட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் ஒரு மணி நேரத்தில் மழைதான். பழுத்த திராட்சை நனைந்தால் தோல் வெடித்துவிடும். அத்தோடு அந்தப் பருவத்து உழைப்பு போச்சு.

இரண்டு வருஷத்துக்கு முன், மே மாதக் கடைசி. பந்தல் முழுக்கக் கொத்துக் கொத்தாகக் கறுத்துத் தொங்கியது. ஒயின் ஆலைக்குப் பழம் வாங்கிக் கொடுக்கும் வியாபாரி ஒருவருக்கு என் கணவர் மொத்தத்தையும் தருவதாகச் சொல்லியிருந்தார். வியாபாரிக்கு வீடு கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில். திங்கட்கிழமை வெட்டுவதற்கு ஆள் அனுப்ப வேண்டியவர், அன்று காலை போன் செய்தார்.

"இன்னும் ரெண்டு நாள் இனிப்பு ஏறட்டுமுங்க அம்மணி. இங்க வெயில் கொளுத்துதுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் மொட்டைமாடி வெயிலைப் பார்த்து என் பந்தலுக்கு நாள் குறிக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். "சரிங்க, பாத்துச் செய்யுங்க" என்றுதான் வந்தது.

புதன்கிழமை காலை மேகம் இறங்கிவிட்டது.

"பக்கத்துத் தோட்டத்துல ஆளுங்க இருக்காங்க. பாதியையாவது வெட்டிப்போடலாமுங்க" என்று கணவரிடம் கெஞ்சினேன்.

"அவருக்குன்னு சொல்லிப்போட்டோம். கேக்காம கைய வெச்சா நல்லாருக்குமா?"

வியாபாரிக்கு போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்யச் சொன்னேன், தொந்தரவாக இருக்குமாம். கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது. நானும் வெட்டவில்லை.

மழை ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் வெள்ளைச் சட்டை கசங்காமல் வியாபாரி வந்து இறங்கினார். வெடித்த கொத்துகளில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அண்ணாந்து பந்தலைப் பார்த்தார்.

"ஏனுங்க, இங்க மழைங்களா?"

இரண்டு நாளாக மனதுக்குள் திட்டிய வசவெல்லாம் தொண்டை வரை வந்தது. "பரவாயில்லீங்க, வாங்க, காப்பி குடிச்சுட்டுப் போலாம்" என்றேன். சர்க்கரை போதுமா என்றும் கேட்டேன். அவரை என்றோ மன்னித்துவிட்டேன். அந்தக் காப்பியைப் போட்டுக் கொடுத்த என்னைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.