இத்தாவில் பதினொரு அசைவுகள்

1. ஒரு செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகை முடிந்த கையோடு வாப்பா மௌத்தானார். இதயம்.
2. அன்றே உம்மா இத்தா இருக்கத் தொடங்கினார். கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு, அந்நிய ஆண்களைப் பார்க்காமல் இருக்கும் காலம் அது.
3. ஒன்பதாம் நாள், தொழுகைக்கு வுழூ செய்யும்போது, பின்பக்கக் குழாயடியில் ஒரு காலைத் தூக்கிக் கழுவிய உம்மா விழுந்தார்.
4. பதினோராம் நாள் அதே இடத்தில் மறுபடியும் விழுந்தார். இம்முறை வலது முழங்காலில் அடி.
5. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை.
6. குருநாகலில் இருக்கும் நானா, என் மூத்த சகோதரர், இத்தா முடிந்த மறுநாள் வீட்டைப் பூட்டிவிட்டு உம்மாவைத் தன்னோடு கூட்டிப் போவதாகச் சொன்னார்.
7. உம்மா வரமாட்டேன் என்றார்.
8. மகளான நான் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டாவதுக்குக் காரணம், எனக்கு ஒன்றும் தோன்றாததுதான். உம்மா போனாலும் சரி, இருந்தாலும் சரி என்றிருந்தது. நான் நாவுலயில் நீர்ப்பாசன வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். காலை ஏழு மணிக்கு எங்கள் ஊரான அலுவிகாரையில் பஸ் ஏறினால் திரும்ப மாலை ஐந்தரை ஆகும். அதுவரை உம்மா தனியாகத்தான் இருப்பார். நானாவின் கணக்கில் பிழை இல்லை. உம்மாவிடம் இருந்தது கணக்கே இல்லை. "அங்க மூணாம் மாடி. நான் மூணாம் மாடியில என்ன செய்யிற?" என்பது மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்த பெண்தான் தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சியைப் பற்றிச் சொன்னாள். முழங்கால் ஆறிவிடும், ஆனால் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றுவதை உம்மா மறந்துகொண்டு வருகிறார், அதனால்தான் விழுகிறார் என்றாள். மெதுவாக அசைந்து அதைத் திரும்பப் பழக்கலாம். அடிபட்ட காலுக்குப் பாரத்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். என் போனில் ஒரு வீடியோவையும் காட்டினாள். ஒரு சீனர், பன்னிரண்டு அசைவுகள், எட்டு நிமிடம்.

வீட்டுக்கு வந்து போனை அலுமாரியில் சாய்த்து வைத்தேன். உம்மா உடனே முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

"ஆம்புள! திருப்பு அங்கால."

"உம்மா, அவரு சீனாவில இரிக்காரு. உங்கள அவருக்குப் பாக்க ஏலாது."

"நான் அவரப் பாக்குறேன் தானே."

பெண்கள் செய்யும் வீடியோவைத் தேடியிருக்கலாம். தேடவில்லை. பிசியோதெரபிப் பெண் காட்டியது இது, ஆகவே இதுதான் என்று எனக்குப் பட்டது. நான் பார்த்து எழுதி, வாசித்துக் காட்டுவது என்று முடிவானது. போனை என் பக்கம் திருப்பி, நிறுத்தி நிறுத்தி, அளவைக் குறிப்பு எழுதும் கொப்பியில் இரண்டு மாலைகளில் எழுதி முடித்தேன். முதல் அசைவு கைகூப்பிக் குனிவது. "அத வெட்டு. நான் அல்லாவுக்குத்தான் குனிவேன்" என்றார் உம்மா. வெட்டினேன். பதினொன்று மிஞ்சியது.

விடிகாலை சுபஹ் தொழுகைக்குப் பின், முன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு செய்தோம். நான் வாசிப்பேன், உம்மா செய்வார். "பாரத்தை வலது குதிக்காலுக்கு மாற்று. இடது கையை மார்பளவுக்கு உயர்த்து. மூச்சை விடு." மேகங்களைப் போலக் கைகளை அசைப்பது ஒன்று உண்டு. "இது ரொட்டி மாவ உருட்டுறது. இதுக்குச் சீனனா வேணும்?" என்பார். கடைசியில் ஒரு காலைத் தூக்கி, பத்து எண்ணும்வரை சேவலைப் போல நிற்பது. உம்மா முதலில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணும்வரை நின்றார், சில நாளில் பிடிக்காமல் பத்து வரை.

மூன்றாம் வாரம் நானும் கூடச் செய்யத் தொடங்கினேன். ஆசையால் அல்ல. வாசித்தால் மட்டும் சில அசைவுகள் அவருக்குப் புரியவில்லை. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். "பாரத்தை வலது குதிக்காலுக்கு மாற்று" என்று வாசித்துவிட்டு நானே மாற்றும்போது, பாரம் அங்கே வந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. கீழே பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உள்ளங்கால்கள் மரத்திருக்கவில்லை. குண்டூசியால் தொட்டுப் பார்த்தேன், வலித்தது. ஆனாலும் அவை என்னுடையவை என்ற செய்தி மேலே வந்து சேரவில்லை. கொப்பியின் ஓரத்தில் ஒரு நிரல் போட்டுத் தினமும் எழுதினேன்: பாதம் – தெரியவில்லை. தாடை – இறுக்கம். தோள் – காது வரை. தூக்கம் – மூன்று மணி நேரம்.

நிரலில் முதலில் மாறியது தோள். அது இறங்கிவிட்டதை நான் கவனிக்கவில்லை, பஸ்ஸில் பையின் வார் நழுவி நழுவி விழுந்தபோதுதான் தெரிந்தது. பிறகு ஒரு காலை, ஏழாவது அசைவில், இடது பாதத்தின் வெளி ஓரம் சீமெந்துத் தரையில் சில்லென்று பட்டது. "தெரிகிறது" என்று எழுதினேன். அன்று நாவுலயில் கால்வாய்க் கரையில் அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது பசித்தது. சாப்பாட்டு நேரம் என்று சாப்பிடுவதற்கும் பசித்துச் சாப்பிடுவதற்கும் வித்தியாசம் இருந்ததை மறந்துபோயிருந்தேன். பார்சலைப் பிரித்து, பருப்பும் மீன் துண்டும் முழுவதையும் சாப்பிட்டேன். மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. பசித்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் மாதம் உம்மாவின் வலது முழங்கால் வீங்கியது.

நானா அந்த வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். வீக்கத்தைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், போனில் வீடியோவைப் போட்டு அதையும் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"தங்கச்சி, இங்க வா. இவன் எந்தக் காலத் தூக்குறான்?"

"இடது."

"இந்தப் பக்கம் வந்து, அவன மாதிரியே நின்டு பாரு."

நான் போனுக்கு முதுகைக் காட்டி, அந்த மனிதர் நிற்பதைப் போலவே நின்றேன். அவர் தூக்கியது வலது கால்.

"சோத்துக்கைப் பக்கத்துக் கால அவன் தூக்குறான். நீ பீச்சாங்கைப் பக்கத்துக் கால எழுதி வச்சிருக்க. எல்லாமே இப்பிடித்தான்."

எங்கள் வேலையில் கால்வாய்க்குச் சொந்தமாக இடமும் வலமும் கிடையாது. நீர் ஓடும் திசையைப் பார்த்து நிற்கிறவருக்கு இடக்கைப் பக்கம் எதுவோ அது இடது கரை. ஆறு வருடமாக அப்படி எழுதிப் பழகிய கை, திரையில் நின்றவரையும் ஒரு கால்வாயாகவே எழுதிவிட்டது. என் பார்வைக்கு இடப்பக்கம் தெரிந்ததெல்லாம் இடது. அதனால் அடிபட்ட வலது காலில் உம்மாவைத் தினமும் பத்து எண்ணும்வரை நிறுத்தியிருக்கிறேன், சிறிது சிறிதாக அல்ல, முழுப் பாரத்தோடு.

உம்மா நானாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். வாப்பா மௌத்தான பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

"ரெண்டு மாசமா தலகீழாவா நின்டேன்? உங்க ஒபிஸுல தண்ணியும் இப்பிடித்தான் போகுதா மகள்?"

நானா சிரிக்கவில்லை. "சிரிக்கிற விஷயமா உம்மா இது? மறுபடி விழுந்தா? இவ வேலைக்குப் போயிருவா. யாரு தூக்குற?"

"நான் விழல்லியே. கால் வீங்கினதுதானே. விழுந்தேனா?"

அது உண்மை. இரண்டு மாதமாக அவர் விழவில்லை. நானா இத்தா முடியும் அன்று பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தன் வீட்டில் உம்மாவுக்காக ஓர் அறையைக் காலி செய்துவிட்டதையும் போகும்போது சொன்னார்.

பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பிசியோதெரபிப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரு வாரம் ஓய்வு, பிறகு இரண்டு பக்கமும் செய்யுங்கள், வலது காலில் நிற்கும்போது மூன்று எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள் என்றாள். மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து புதிய பட்டியல் எழுதினேன். பதினொன்று இருபத்திரண்டானது. ஒவ்வொரு வரியையும் எழுந்து நின்று, செய்து பார்த்துத்தான் எழுதினேன். கால்வாயில் குளித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் என்னையே பார்த்தார்கள். எழுதி முடித்தபோது, உம்மா இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று நான் விரும்புவது தெரிந்தது. அதையும் ஒரு வரியாக எழுதினேன், தேதியோடு.

இத்தா முடிந்த நாள் உம்மா குளித்து, லுஹர் தொழுகைக்கு வுழூ செய்யப் பின்பக்கம் போனார். நானா குழாயடியில் போய் நின்றார். நான் கதவருகில் நின்றேன். உம்மா முகம் கழுவி, கை கழுவி, தலையைத் தடவி, வலது காலைத் தூக்கிக் கழுவினார். அது பிரச்சினை இல்லை. பிறகு இடது கால். வலது முழங்காலைச் சிறிது மடித்து, பாரத்தை அதன்மேல் இறக்கி, மூச்சை விட்டு, அதன் பிறகுதான் காலைத் தூக்கினார். ஒருமுறை ஆடினார். சுவரைப் பிடிக்கவில்லை. நானாவின் கை அவர் முதுகுக்குப் பின்னால் நீண்டு நின்றது.

"கைய எடு மகன். தண்ணி தெறிக்குது."

விரல் இடுக்குகளையெல்லாம் கழுவி முடித்த பிறகே காலை இறக்கினார்.

நானா தொழுதுவிட்டு வந்து, பால் ஊற்றாத பிளேன்டியை ஆறவிட்டுக் குடித்தார். கடைசியில், "ஆறு மாசம் பாப்போம். ஒருக்கா விழுந்தாலும் நான் வந்து கூட்டிட்டுப் போவேன்" என்றார். குழாயடிச் சுவரில் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் கம்பி அடித்துவிட்டுப் போனார்.

இது அந்த ஆறு மாதத்தில் நான்காவது மாதம். உம்மா விழவில்லை. படி ஏறும்போது முழங்கால் வலிக்கிறது. காலையில் இருவரும் செய்கிறோம், நான் வாசிக்க வேண்டியதில்லை. எனக்கு ஐந்து மணி நேரத் தூக்கம் வருகிறது. வாப்பாவுக்காக நான் இன்னும் அழவில்லை.