ஜன்னல் துண்டுகளால் செய்த கல்யாணப் பெட்டி

எஃகு விலை ஏறிவிட்டது, அதனால் கார்களின் விலையும் ஏறப்போகிறது என்று டிவியில் அடிக்கடி சொல்கிறார்கள். என் மருமகன் கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டுகிற மில்லில் இருக்கிறார். அவர் அதைக் கேட்டுவிட்டு ஏதேதோ விளக்கம் சொல்லுவார். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேச எனக்கு எப்போதுமே வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத மட்டும் வரும், அதுவும் மெதுவாக. எஃகு விலை ஏறினதில் எனக்கு நடந்த ஒன்றை எழுதிப் பார்க்கிறேன்.

எனக்குக் கல்யாண வயசான காலத்தில் நாங்கள் சோழவரம் ஏரிக்கரை ஓரம் குடியிருந்தோம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா அங்கே ஒரு ஷெட்டில் வேலை செய்தார். பட்டணத்துக் கார் கம்பெனி ஒன்று இரும்புத் தகடுகளை லாரியில் அனுப்பும். ஷெட்டில் அதைக் கதவு அளவுக்கு வெட்டி, தட்டி வளைத்து, திருப்பி அனுப்புவார்கள். கதவில் கண்ணாடி வருகிற இடத்தை வெட்டி எடுத்தால் முறம் அகலத்துக்கு ஒரு துண்டு மிச்சமாகும். மூலையெல்லாம் உருண்டு அழகாக இருக்கும். அதை ஜன்னல் துண்டு என்பார்கள். கம்பெனிக்கு அது வேண்டாம். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஷெட்டு முதலாளி சொல்லிவிட்டார்.

எங்கள் தெருவில் ஜன்னல் துண்டு இல்லாத வீடு கிடையாது. தண்ணீர்ப் பானைக்கு மூடி அது. ரொட்டி சுடுகிற கல் அது. கோழிக் கூண்டுக்குக் கதவு அது. மழை ஒழுகுகிற இடத்தில் கூரைக்குள் சொருகுவதும் அதுதான். "நம்ம தெருவையே கழட்டி மாட்டினா ஒரு காரு ஓட்டிக்கினு பூடலாம்" என்று பக்கத்து வீட்டுச் சின்னம்மா சொல்லிச் சிரிக்கும்.

ஷெட்டு ஆள் யாருக்காவது கல்யாணம் என்றால், ஜன்னல் துண்டுகளை ஒன்றோடொன்று வைத்து ரிவிட் அடித்து ஒரு பெட்டி செய்வார்கள். மிச்சமான கார் பெயிண்டை அதற்கு அடிப்பார்கள். நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பெண் வீட்டில் இறக்குவார்கள். பெண் தன் துணிமணிகளை அதில் அடுக்கி, கல்யாணமானதும் அதோடு புருஷன் வீட்டுக்குப் போவாள். நடுவில் பெட்டி மாப்பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராதில்லையா, அதனால் அப்படி. திரும்பி வந்தால் ஏன் என்றும் கேட்க மாட்டார்கள்.

எனக்கும் அப்படி ஒரு பெட்டி வந்தது. பச்சைப் பெட்டி. மாப்பிள்ளையும் அந்த ஷெட்டில்தான் ரிவிட் அடிக்கிற வேலை. மாப்பிள்ளை என்று எழுதக் கூடாதுதான், ஆனால் எனக்கு அவரை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. காரனோடையில் வீடு. அப்பா இல்லை. அவர் அம்மா ஷெட்டு வாசலில் காலையில் இட்லி விற்கிறவர்.

பெட்டி செய்துகொண்டிருந்த சமயத்தில் ஒரு நாள் அவர் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "பொட்டிக்கு உள்ளாற ஒரு தட்டு வெக்கட்டுமா? வளையல் கிளையல் போட்டுக்கலாம்" என்று பொதுவாகக் கேட்டார். அம்மா உள்ளே திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவர் அதைப் பார்த்தாரோ என்னமோ. நிச்சயத்தன்று பெட்டியைத் திறந்தால் உள்ளே தட்டு இருந்தது. அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை. இந்தக் கல்யாணம் நடக்கணும், அவ்வளவுதான். யாரிடமும் அதைச் சொன்னதில்லை. சொல்லுகிற வழக்கமும் இல்லை.

எஃகு விலை ஏறியது அதற்கு அப்புறம்தான். நைனா சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். தகடு கிடைப்பதே பர்மிட்டில்தான். அதிலும் விலை ஏறிக்கொண்டே போகிறது. காருக்கு ஏற்றலாம் என்றால், இருக்கிற விலைக்கே வாங்குகிறவர்கள் கொஞ்சம்தான்.

"கம்பெனில இன்னா பண்றாங்க தெரியுமா? எஞ்சினு கீது, சக்கரம் கீது, கதவு மட்டும் இல்லாம காருங்கோ வரிசையா நிக்குதாம். லாரி டிரைவரு சொல்றாரு" என்றார் ஒரு நாள்.

"கதவு இல்லாட்டி இன்னா, காத்தோட்டமா பூடலாமே" என்றாள் அம்மா.

நைனா சிரிக்கவில்லை. அதில்தான் எனக்குப் பயம் வந்தது.

முதலில் தகடு மெலிசாக வந்தது. பழைய கைப்பழக்கத்தில் ஓங்கித் தட்டினால் கிழிந்தது. கிழிந்த தகட்டுக்குக் கம்பெனி சண்டை போட்டது. பிறகு ஜன்னல் துண்டையே சின்னச் சின்ன சாமான்களுக்கு வெட்டிக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டுக்கு வருவது நின்றுபோனது. அப்புறம் கதவு ஆர்டரைக் குறைத்தார்கள். கடைசியாக வேலையில் சேர்ந்தவர்களை நிறுத்தினார்கள். அதில் மாப்பிள்ளையும் ஒருவர்.

அம்மா அன்றைக்குப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "வேலை இன்னொண்ணு கெடைக்கும். புள்ளை நல்ல புள்ளை" என்றாள். நைனாவும் "நம்ம வார்த்த வார்த்ததான்" என்றார். அதை எழுதிவைக்கணும். எங்கள் வீட்டில் யாருக்கும் அவரை வேண்டாம் என்கிற எண்ணமே இருந்ததில்லை.

நைனாவுக்குக் காய்ச்சல் கண்டு வேலைக்குப் போகாமல் படுத்திருந்தபோது பக்கத்து வீட்டுச் சின்னம்மா ஓடி வந்தது. சின்னம்மா வீட்டுக்காரரும் அதே ஷெட்டுதான்.

"அண்ணா, பேஜாரா பூச்சு. கம்பெனி அனுப்பின தகட்டுல எடை ஒதைக்குதாம். வெளிய வித்துட்டீங்கன்னு சொல்றாங்களாம். நாளன்னிக்கு கம்பெனி ஆளு வந்து நிறுக்கப் போறாராம். ஊட்ல ஜன்னல் துண்டு எது இருந்தாலும் கொண்டாந்து போடணும்னு மொதலாளி சொல்ட்டாரு. இல்லாட்டி திருட்டுக் கேஸாம்!"

சொல்லிவிட்டுத் தன் ரொட்டிக் கல்லைத் தேடிக்கொண்டு ஓடியது. தெருவே கிளம்பியது. பானை மூடியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி, கூரையில் ஏறிப் பிடுங்கிக்கொண்டு ஒருத்தர். யார் வீட்டுக் கோழிகளோ கூண்டில் கதவில்லாமல் தெருவெல்லாம் ஓடின.

மறுநாள் காலையில் முதலாளி இன்னொரு வார்த்தையும் சொல்லியிருக்கிறார். கல்யாணப் பெட்டிகளை மட்டும் கொண்டுவர வேண்டாம், அது பெண்களின் சீர், அதில் கை வைக்கக் கூடாது என்று. புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் ஷெட்டு வாசலில் அழுததைப் பார்த்துச் சொன்னாராம். ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். வாசலில் இட்லி விற்ற மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் தெரியும். காய்ச்சலில் படுத்திருந்த நைனாவுக்கு மட்டும் தெரியாது. முதல் பாதியைச் சொல்லிவிட்டுப் போன சின்னம்மா இரண்டாவது பாதியைச் சொல்ல வரவில்லை.

அன்று காலையில் நைனா எழுந்து என் துணிகளையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்துப் பாயில் வைத்தார்.

"பொட்டிய எதுக்குங்க?" என்றாள் அம்மா.

"அதுலதான்டி எடை கீது. திருட்டுக் கேஸுன்னு போட்டா இந்தக் கல்யாணமே நின்னு பூடும்."

"சம்பந்தியம்மாவுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு எடுத்துக்கினு போங்க."

"அந்தம்மா ஷெட்டு கேட்டாண்டதானே குந்தியிருக்கும். போற வழியில சொல்லிக்கிறேன்."

பெட்டியைச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். கயிற்றை ஒரு பக்கம் நான்தான் பிடித்துக்கொண்டேன்.

மீதியெல்லாம் நைனா வந்து சொன்னதுதான். ஷெட்டு வாசலில் இட்லிக்குக் கூட்டம். அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார், பச்சைப் பெட்டியைப் பார்த்தார், குனிந்துகொண்டார். வேலையாக இருக்கிறார், வெளியே வரும்போது சொல்லலாம் என்று நைனா உள்ளே போய்விட்டார். அங்கே மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "இத்த யாருய்யா கேட்டது? கல்யாணப் பொட்டி வேணாம்னு காத்தால மொதலாளி சொன்னாரே, உன் காதுல இன்னா இருந்துது?"

நைனா உடனே வெளியே ஓடி வந்தார். இட்லிப் பானையும் இல்லை, அந்தம்மாவும் இல்லை.

அப்போது வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கலாம். நைனாவுக்கு அது தோன்றவில்லை. உடனே போய்ச் சொல்லிவிடணும் என்கிற அவசரம். சைக்கிளை அப்படியே காரனோடைக்கு மிதித்துவிட்டார். பின்னால் பெட்டி கட்டியபடியே இருந்தது. நிச்சயப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றால் தெருவில் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்களாம்.

"உள்ள வராதீங்கண்ணா. அங்கயே எறக்கிட்டுப் போங்க" என்றாராம் அந்தம்மா.

"தங்கச்சி, நான் சொல்றத கொஞ்சம் கேளு. எனக்கு ஜொரம்..."

"ஜொரம் வந்தா வைத்தியர் ஊட்டுக்குப் போவாங்க. பொட்டிய எடுத்துக்கினு எங்க ஊட்டுக்கா வருவாங்க?"

"ஷெட்டுல கேட்டாங்க, இல்லாட்டி திருட்டுக் கேஸுன்னாங்க, அதான் எடுத்துக்கினு போனேன்மா."

"பொட்டிய யாரும் கேக்கலண்ணா. நானும் அங்கதான் குந்திக்கினு இருந்தேன், எங்காதால கேட்டேன். எம் புள்ளைக்கு வேலை பூட்ச்சு, அதுக்குப் பொட்டி வருது. நேரா சொல்லியிருந்தா கூட மனசு ஆறியிருக்கும். திருட்டுக் கேஸு, ஜொரம்னு கதை எதுக்கு?"

சொல்லிக்கொண்டே அந்தம்மா தானே கயிற்றை அவிழ்த்துப் பெட்டியை இறக்கி உள்ளே கொண்டுபோய்விட்டார். மாப்பிள்ளை அப்போது வீட்டில் இல்லை. வேலை விசாரிக்கப் பட்டணம் போயிருந்தார்.

நைனா வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்தினார். பின்னால் வெறும் கயிறு தொங்கியது. அம்மா பாயில் கிடந்த என் துணிகளை ஒரு பழைய புடவையில் மூட்டையாகக் கட்டினாள்.

மறுநாள் கம்பெனி ஆள் வந்தார். அவர் வந்த காரின் கதவுகளே எங்கள் ஷெட்டில் செய்தவைதானாம். ரொட்டிக் கல்லையும் பானை மூடியையும் நிறுத்துப் பார்த்துவிட்டு, "சரி, போனது போகட்டும், இனிமே ஜாக்கிரதை" என்று சொல்லிப் போய்விட்டார். அவ்வளவுதான். ஒரு கேஸும் இல்லை.

நைனா மேஸ்திரியைத் தூது அனுப்பினார். "உன் ஆளுக்கு நீ பேசாம யார் பேசுவாங்க" என்று அந்தம்மா அவரையும் அனுப்பிவிட்டார். அந்த வாரமே மாப்பிள்ளை ரயில் ஏறினார். வடக்கே புதுசாக இரும்பு ஆலை கட்டுகிறார்கள், ரிவிட் தெரிந்த ஆள் எத்தனை பேர் வந்தாலும் எடுத்துக்கொள்கிறார்கள் என்று சொன்னார்கள். நம் நாட்டிலேயே இரும்பு செய்ய ஆரம்பித்தால் விலை இறங்கும், கார் கம்பெனிக்கும் நல்ல காலம் வரும், ஷெட்டுக்கும் வேலை வரும் என்று நைனா பெரிய நம்பிக்கையாகச் சொல்லுவார். "அந்தப் புள்ள திரும்பி வரட்டும், நானே நேர்ல பேசறேன்" என்பார். நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பக்கத்து வீட்டுச் சின்னம்மா ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. தன் மேல் பழி வரும் என்று பயம். ஒரு நாள் மனசு தாங்காமல் இட்லி வாங்கப் போன இடத்திலேயே அந்தம்மாவிடம் கொட்டிவிட்டதாம். "நான்தான் அரை சேதி கொண்டாந்த மூதேவி. மறுநாளு சொன்னத அந்த மனுசனாண்ட யாரும் சொல்லல. அவரு மேல கோவிச்சிக்காத. வேணும்னா அந்தச் சட்டினிய என் தலையில ஊத்து."

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் அந்தம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். நைனா வீட்டில்தான் இருந்தார். அப்போதெல்லாம் ஷெட்டில் வேலை இருக்கிற நாள் கொஞ்சம், இல்லாத நாள் அதிகம். அம்மா பாய் போட்டாள். அந்தம்மா உட்கார்ந்தார்.

"அண்ணா, அவனுக்கு அங்கயே கல்யாணம் ஆயிட்ச்சு. கூட வேலை செய்யற தெலுங்குக்காரரு ஊட்ல பொண்ணு. நான்தான் சரின்னேன், கோவத்துல."

"நல்லா இருக்கட்டும்மா" என்றார் நைனா. "எம் புத்திதான். பொட்டியோட வந்து நின்னேனே."

"வடக்க போற அன்னிக்கு அவன் கேட்டாண்ணா. நான் ஒரு தபா போயி அவங்க ஊட்ல கேட்டுட்டு வரேம்மான்னான். படி எறங்கினா நான் உசுரோட இருக்க மாட்டேன்னுட்டேன்."

நான் அடுப்பண்டை நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டு காப்பி போட்டேன். அம்மா எழுந்து வரவில்லை, அவள் அழுதுகொண்டிருந்தாள். நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கணும். நிச்சயத்தன்றுகூட நான் அந்தம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. டம்ளரை எதிரே வைத்தேன். அவர் எடுக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லணும் போல இருந்தது.

"காப்பி ஆறுது, அத்தே" என்றேன்.

அப்படிக் கூப்பிட எனக்கு இனிமேல் முறை இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தம்மா முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார். காப்பியைக் கடைசி வரைக்கும் தொடவில்லை.