கட்டைவிரல் இல்லாத பிடி

மாத்தளைக்கு வடக்கே, நாலந்தாவுக்குப் பக்கத்தில் முச்சக்கரவண்டி புரண்டபோது என் வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது. கட்டைவிரலில் மட்டும் பலம் திரும்பவில்லை. நரம்பு போய்விட்டது, இனி வருமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாத்தளையில் கல்யாணங்களுக்கு வாசிக்கும் ஒரு பேண்டில் நான் டிரம்ஸ் வாசிப்பவன். வேறு தொழில் தெரியாது.

கட்டுப் பிரித்த அன்றே குச்சியை எடுத்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதை நிறுத்தி, மற்ற விரல்களைத் தளர்வாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் அடித்ததும் குச்சி தானாகத் துள்ளி எழும். இத்தனை வருடம் யோசிக்காமலே அப்படிப் பிடித்திருந்தேன். இப்போது முதல் அடியிலேயே நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது. எடுத்தேன். மறுபடி உருண்டது.

விழக்கூடாதென்று முழுக் கையாலும் இறுக்கினேன். விறகு பிளக்கிற சத்தம்தான் வந்தது. முழங்கை வரை எரிந்தது. குச்சியை விரலோடு ரப்பர் வளையம் போட்டுக் கட்டினேன். விரல் நீலம் பாரித்தது.

பேண்ட் நடத்தும் கிட்டார்காரர் எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணே, யட்டவத்தையில ஒரு கல்யாணம் வந்திருக்கு. உங்களால முடியுமா, இல்ல கண்டியில ஒருத்தர் இருக்காரு, அவரக் கேக்கவா?"

"நானே வர்றேன்" என்றேன். போனை வைத்ததும் மறுபடி அடித்துப் பார்த்தேன். நழுவியது.

குச்சியைச் சுவரில் வீசினேன். மகள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

"என்னங்க, பிள்ள பயப்படுது" என்றாள் மனைவி. "கொஞ்ச நேரம் வெளிய போய் நில்லுங்க."

வாசலில் நின்று சிகரெட் பற்றவைத்தேன். இழுக்கும்போது என் கையைப் பார்த்தேன். சிகரெட் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இருந்தது. கட்டைவிரல் சும்மா தொங்கியது.

உள்ளே ஓடிக் குச்சியை அந்த இடுக்கில் செருகி அடித்தேன். துள்ளியது. கோணலாக, அரைகுறையாக, ஆனால் துள்ளியது.

அதன் பிறகுதான் உண்மையான கஷ்டம். அடி குறி தவறி விளிம்பில் பட்டது. இரண்டு விரலுக்கும் நடுவில் தோல் வெடித்தது. மனைவி தினமும் மஞ்சள் வைத்தாள். காய்வதற்குள் நான் மறுபடி வெடிக்கவைத்தேன். பழைய வேகத்தில் பாதிகூட வரவில்லை.

கல்யாணத்தில் மெதுவான பாட்டுகள் எப்படியோ போயின. வேகமான பைலாப் பாட்டு தொடங்கியதும் ஆட்கள் எழுந்து ஆடினார்கள். நடுப்பாட்டில் குச்சி கையைவிட்டுப் பறந்தது. எடுக்க நேரமில்லை. இடது கையாலும் காலாலும் தாளத்தை இழுத்துக்கொண்டு போனேன். வியர்வை கண்ணில் இறங்கியது. ஆடியவர்கள் யாரும் நிற்கவில்லை. கிட்டார்காரர் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

சாமான்களை ஏற்றும்போது அவர் சொன்னார்: "அண்ணே, மெதுவான பாட்டுக்கெல்லாம் நீங்களே இருங்க. பைலாவுக்கு மட்டும் கண்டிக்காரரக் கூப்பிடுவோம்."

சரி என்றேன். என் குரல் உடைந்தது அவருக்குக் கேட்டிருக்கும். கேட்காத மாதிரி வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.