இரவல் விரல்

“கையக் காட்டுங்க” என்பாள் அமிர்தவல்லி. வாங்க, உக்காருங்க என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எதிரே நிற்பவரின் பெருவிரலைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புவாள். ஈரத்துணியால் ஒரு துடை, காய்ந்த துணியால் ஒரு துடை. அப்படியும் விரல் வழவழவென்று இருந்தால் தேங்காய் எண்ணெய் ஒரு பொட்டு. பிறகு பிள்ளைக்கு அகரம் எழுதக் கைபிடிப்பது போலப் பிடித்து, கருவியின் கண்ணாடிமேல் விரலை வைப்பாள். “அமுக்காதீங்க. சும்மா வைங்க. மூச்ச விடுங்க, ஒண்ணும் கடிக்காது.”

வேப்பந்தட்டை கடைவீதியின் கோடியில் இருக்கிறது அவளுடைய உரக்கடை. பஸ் கண்டக்டர் கையில் இருப்பதைவிடச் சற்றே பெரிய அந்தக் கருவிதான் இப்போது கடைக்கு முதலாளி. மானிய விலை யூரியா வேண்டுமென்றால் ஆதார் எண்ணைச் சொல்லி விரலை வைக்க வேண்டும். ரேகை பதிந்தால் மூட்டை. பதியாவிட்டால் கையில் பணம் இருந்தும் பயனில்லை. அமிர்தவல்லி அதற்கு மாமியா என்று பெயர் வைத்திருக்கிறாள். பச்சை விளக்கு எரியாவிட்டால், “மாமியாவுக்கு இன்னிக்கு மனசு வல்ல.” சிக்னல் இல்லாவிட்டால், “மாமியா அவ அம்மா வூட்டுக்குப் போயிட்டா. சாயந்திரம் வாங்க.”

ஐம்பதை நெருங்குகிற வயது. புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தோளில் துண்டு. மூட்டையின் இரண்டு காதையும் பிடித்து முழங்காலால் ஓர் உந்து உந்தினால், அது வண்டியின் பின்சீட்டில் போய் உட்கார்ந்துவிடும். யூரியாவை அவள் உப்பு என்றுதான் சொல்வாள். உப்பைத் தொட்ட கையால் சோற்றைத் தொட மாட்டாள். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் மோந்து பார்த்துவிட்டுத்தான் டிபன்பாக்ஸைத் திறப்பாள். டீ வந்தால் டம்ளரின் மேல் தட்டைக் கவிழ்ப்பாள். மறந்துபோய் அப்படியே ஆறவிட்டு, ஆறிய டீயைக் குடித்துவிட்டு டீக்கடைக்காரரைத் திட்டுவாள்.

தலைமுறை தலைமுறையாக மண்ணை மட்டுமே நம்பிய குடும்பம் அது. அதில் தன் பெயரில் பலகை மாட்டியவள் அவள் ஒருத்திதான். படிப்பு பத்தாவது. கணவர் சிங்காரவேலு அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வண்டியிலேயே படுக்கை. உரிமத்துக்காகப் பெரம்பலூர் ஆபீஸ் படிகளில் ஏறி இறங்கியது அவள்தான். “பொம்பளைக்கு எதுக்கும்மா உரக்கடை?” என்று அங்கே கேட்டவருக்கு, “வயல்ல உரம் வெக்கறது யாரு சார், நீங்களா?” என்று பதில் சொல்லியும் வாங்கி வந்தாள்.

மாமியா மசியாதது பெண்களிடம்தான். இந்தப் பக்கம் சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும். வெங்காயத் தாள் அறுத்து அறுத்துப் பெருவிரலில் தோல் உரியும். பருத்தி வெடிப்பின் ஓடு விரல் நுனியைக் கீறும். எதிர்த் தெரு உண்ணாமலைக்கு இரண்டு கையிலும் ரேகை என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

“அறிவொளி வகுப்புல உக்கார வெச்சு, கைநாட்டா இருக்காத, கையெழுத்துப் போடக் கத்துக்கன்னானுவ. கத்துக்கிட்டேன். இப்ப அது செல்லாதாம், கைநாட்டு வையிங்கறான். கையத்தான் வெங்காயம் தின்னுடுச்சே, அமிர்தம்” என்பார் உண்ணாமலை.

“போனுக்கு நம்பர் வரும் பெரியம்மா, அதச் சொன்னாலும் போதும்.”

“ஆதாருக்குக் குடுத்த போனு மவன்கிட்ட இருக்கு. அவன் திருப்பூர்ல டூட்டியில இருக்கான். போன உள்ள எடுத்துட்டுப் போவக் கூடாதாம்.”

மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போதே சோளத்துக்கு உப்பு வைத்தாக வேண்டும். ஈரம் போனால் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கூத்தாட வேண்டியதுதான். அமிர்தவல்லி சற்று நேரம் கருவியை முறைப்பாள். பிறகு, “தள்ளுங்க. எவ விரலா இருந்தா என்ன, உப்பு சோளத்துக்குத்தான போவுது” என்று தன் ஆதார் எண்ணை அடித்துத் தன் விரலை வைப்பாள். அந்த விரலைக் கண்டால் மட்டும் மாமியாவுக்கு அப்படியொரு பிரியம். வைத்த மாத்திரத்தில் பச்சை.

யாரும் இதைத் தப்பென்று நினைத்ததில்லை. விரல் இரவல் கொடுப்பது, அவசரத்துக்கு ஒரு டம்ளர் சர்க்கரை இரவல் கொடுப்பது மாதிரி.

இந்தப் பருவத்தில் விதி மாறியது. ஒரே ஆளின் விரலில் அதிக மூட்டை போனால் பெயர் தானாகவே மேலிடத்துக்குப் போய்விடும் என்று கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. இங்கிலீஷில் இருந்ததைப் பக்கத்துச் செல்போன் கடை அசோக்கிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு, “நல்லதுதான். பதுக்கி வெச்சு ஆட்டங்காட்டறானுவளே, அவனுவ மாட்டட்டும்” என்றாள். அந்த அறிவிப்பில் தானும் இருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மழை பெய்த வாரம் கடையில் கூட்டம் ஏறியது. கூட்டம் ஏற ஏற அவள் விரலும் ஓயாமல் வேலை செய்தது. அடுத்த வாரம் ஜீப் வந்தது. இறங்கியவர் பிரேம்குமார் என்ற இளம் அதிகாரி. மரியாதையான பையன். கருவியை வாங்கிப் பார்த்துவிட்டு உட்காராமலே கேட்டார்.

“உங்களுக்கு நிலம் எவ்வளவும்மா?”

“முக்கா ஏக்கர் சார். சோளம் போட்டிருக்கேன்.”

“இந்த வட்டாரத்துலயே அதிகமா யூரியா வாங்குன விவசாயி நீங்கதாம்மா.”

அமிர்தவல்லிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் அடங்கிக்கொண்டாள். நடந்ததைச் சொன்னாள். ஆளனுப்பி வயலிலிருந்து பெண்களைக் கூப்பிட்டாள். தாள் அறுத்த கத்தியை இடுப்பில் செருகியபடியே ஆறேழு பேர் வந்து நின்றார்கள்.

“நான்தாம்ப்பா வாங்குனேன். எங் கொல்லைக்கு வா, சோளத்துக்கு உப்பு வெச்சத காட்டறேன்” என்றார் உண்ணாமலை.

“விரல வைங்கம்மா.”

வைத்தார். சிவப்பு. துடைத்து வைத்தார். சிவப்பு. அடுத்தவள், அதற்கடுத்தவள், எல்லாருக்கும் சிவப்பு.

“வாங்குனது இவங்கன்னு மெஷின் சொல்லணும்ல?” என்றார் பிரேம்குமார்.

“ஏந்தம்பி, நான் உம் முன்னாடி நிக்கறேனே, அது தெரியுதா? இல்ல, அதையும் அதுதான் சொல்லணுமா?”

அவர் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். “விதிய நான் போடலம்மா. நான் எழுதாம விட்டா நாளைக்கு என்னையக் கேப்பாங்க.”

உரிமம் தற்காலிகமாக நிறுத்தம். விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை. இருந்த மூட்டைகளோடு கடைக்கு முத்திரை வைத்தார்கள். பூட்டில் சுற்றிய துணியில் அரக்கு உருகிச் சொட்டுவதைப் பெண்கள் நின்று பார்த்தார்கள். உள்ளே உப்பு, வெளியே ஈர மண். ஈரம் காய்வதற்கு விசாரணை எதுவும் தேவைப்படவில்லை.

ஒரு நாளிதழில் மூலையில் சின்னதாகச் செய்தி வந்தது: யூரியா பதுக்கல், உரக்கடை உரிமம் நிறுத்தம். பெயரும் ஊரும் சரியாகவே போட்டிருந்தார்கள். அரியலூரில் அதைப் படித்த லாரிக்காரர்கள் சிங்காரவேலுவிடம், “என்னண்ணே, மூட்டைய எங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். விளையாட்டாகத்தான். அவர் அந்த வாரம் வீட்டுக்கு வரவில்லை. சோளம் வெளிறிய பிறகு, ஊரிலும் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அவள் விரலால் உப்பு வாங்கிப் போனவள் ஒருத்தியே தண்ணீர்க் குழாயடியில், “நம்ம பேரச் சொல்லி எத்தினி மூட்டைய வெளிய தள்ளுனாளோ” என்றாள். அமிர்தவல்லி அப்போது அங்கேதான் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின குடத்தையே மறுபடியும் கழுவினாள்.

விளக்கத்தை அவளே எழுதினாள், இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். பெரம்பலூரில் அதை வாங்கி வைத்துக்கொண்டு, “கூப்புடுவாங்க” என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை.

விளக்கம் கொடுத்த அன்றே அப்படியே பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற பெரிய உரக்கடைக்குப் போனாள். அவளுடைய முக்கால் ஏக்கரும் வெளிறித்தான் கிடந்தது. அங்கே வரிசை ரோடு வரைக்கும் நின்றது. யூரியா வேண்டுமென்றால் கூடவே ஒரு பாட்டில் சத்து மருந்தும் வாங்க வேண்டும் என்றான் கவுண்டர் பையன். அப்படித் தலையில் கட்டுவது விதிக்குப் புறம்பு என்று தெரிந்தவள், சரியென்றாள். தன் முறை வந்ததும் யாரும் சொல்லாமலே விரலைச் சேலையில் துடைத்து, அமுக்காமல் வைத்தாள்.

சிவப்பு.

“உங்க நம்பர பிளாக் பண்ணி வெச்சிருக்காங்கக்கா. இதுல ஏறாது” என்றான் பையன். குரலைத் தாழ்த்தி, “கூட யாராச்சும் வந்திருக்காங்களா? வேற விரலு இருந்தா வைங்க, போட்டுத் தரேன்” என்றான்.

பின்னால் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். சுடிதார்மேல் ஆம்பளைச் சட்டை, காலில் வயல் சேறு. முன்பின் பார்த்த முகமில்லை. “எனக்கு ஒரு மூட்டைதான்க்கா. உங்களுக்கும் நானே வெக்கறேன், இதுல என்ன இருக்கு” என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டிவிட்டாள்.

கண்ணாடிக்கு ஓர் அங்குலம் மேலே அந்தக் கையை அமிர்தவல்லி பிடித்துக்கொண்டாள். பெருவிரலை உள்ளே மடக்கினாள். மற்ற நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாக அதன்மேல் மூடினாள். பிறகு வரிசையை விட்டு விலகிப் படியிறங்கினாள்.